பொறுமை யாருக்குக் கடமை?

கடையில் மூட்டை தூக்கும் பையன் ஒருவன் கால் பிசகி நொண்டினால் நாம் என்ன செய்கிறோம்? "இன்றைக்கு நீ கல்லாப் பக்கம் உட்கார், மூட்டையை வேறொருவன் பார்த்துக்கொள்வான்" என்கிறோம். வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, படுக்கையில் புரள முடியாமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனால் என்ன சொல்கிறோம்? "பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்கிறோம். இரண்டும் நோவுதான். ஒரு நோவுக்கு ஓய்வும் மற்றொரு நோவுக்கு உபதேசமும் கிடைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? இதைச் சற்று ஆற அமரச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த நோவு இன்னதென்று அறிந்துகொள்வோம். இடுப்பெலும்பு என்பது ஒரே எலும்பன்று. முதுகெலும்பின் அடிப்பகுதியும் இரு பக்கத்துப் பெரிய எலும்புகளும் சேர்ந்து ஒரு வளையம்போல் அமைந்திருக்கின்றன. இவ்வளையத்துக்கு முன்புறம், அடிவயிற்றுக்குக் கீழே ஒரு மூட்டும், பின்புறம் இரண்டு மூட்டுகளும் உண்டு. பிள்ளை உண்டான காலத்தில் உடம்பில் ஊறும் சுரப்புநீர்கள் இம்மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்களை இளக்குகின்றன. பிரசவத்துக்கு வழிவிடுவதற்காக ஆண்டவன் அமைத்த ஏற்பாடு இது. முன்மூட்டில் சாதாரணமாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளி கர்ப்ப காலத்தில் மேலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூடும். இளகிய மூட்டுகள் மூன்றும் ஒரே சீராக அசையாமல் ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் அசைந்தால், வயிற்றின் பாரமும் அதனோடு சேர, நோவு உண்டாகிறது. ஏறத்தாழ ஐந்து கர்ப்பிணிகளில் ஒருத்திக்கு இந்நோவு வருகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு.

நடந்தால் வலிக்கும். படியேறினால் வலிக்கும். ஒற்றைக் காலில் நின்று உடுத்தினால் வலிக்கும். காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தால் வலிக்கும். எல்லாவற்றிலும் மோசமானது இரவில் புரண்டு படுப்பது. பகலில் பட்ட பாட்டுக்கு இரவிலும் விடுதலை இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கு இதனால் கேடு இல்லை என்பதும், பெரும்பாலோருக்குப் பேற்றுக்குப் பிறகு தணிந்துவிடும் என்பதும் ஆறுதலான செய்திகள். ஆனால் சிலருக்குப் பிள்ளை பிறந்து பல மாதங்களாகியும் விடுவதில்லை. ஆரம்பத்திலேயே கவனித்தால் நலம் என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை.

இதைச் சொன்னால் நம்மவர்கள் சொல்லும் முதல் மறுமொழி, "இது இயற்கைதானே" என்பதாகும். இயற்கைதான், யார் மறுத்தார்கள்? பசியும் இயற்கைதான். பசித்து வந்தவனிடம் "பசி இயற்கை, போய் வா" என்று எவனாவது சொல்வானா? ஒன்று இயற்கையாய் வந்தது என்பது அது எப்படி வந்தது என்பதற்கு விடையே தவிர, அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விடையாகாது. மேலும் திருமறையின் லுக்மான் அத்தியாயம், தாய் தளர்ச்சிமேல் தளர்ச்சி கொண்டு சுமந்ததை எடுத்துக் கூறிவிட்டே பெற்றோருக்கு நன்றி செலுத்தும்படி கட்டளையிடுகிறது. படைத்தவனே கடனாக எழுதி வைத்த ஒரு தொகையை, "இது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று நாம் தள்ளுபடி செய்வது என்ன கணக்கு?

இரண்டாவது மறுமொழி, "எங்கள் உம்மா எட்டுப் பெற்றார்கள், எட்டுக்கும் கடைசி நாள் வரை ஆணம் காய்ச்சினார்கள்" என்பது. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உம்மா எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதே வழக்கம். கர்ப்பிணியைச் சுற்றி அவளைப் பெற்றவள் இருந்தாள், ராத்தா இருந்தாள், பெத்தம்மா இருந்தாள். மற்ற ஊர்களிலும் பேற்றுக்குத் தாய்வீடு போவது முறையாயிருந்தது. மூத்த பிள்ளையைத் தூக்க ஒரு கை, தண்ணீர் எடுக்க ஒரு கை, அரைக்க ஒரு கை என்று வேலை பலருக்குப் பங்கானது. இன்றோ கடல் கடந்து வந்து அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். பத்தாம் மாடியில், கதவைச் சாத்திய வீட்டில், கணவன் கடைக்குப் போனபின் அவளும் மூன்று வயதுப் பிள்ளையும்தான். அந்தப் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொள்வதே இந்நோவை மிகுதியாக்கும் வேலைகளில் ஒன்று. பழைய காலத்துப் பாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழைய காலத்துக் கைகளைக் கழித்துவிட்டு ஒப்பிடுவது நேர்மையான தராசாகாது.

அன்றியும், நம் உம்மாமார்கள் வலியில்லாமல் இருந்தார்கள் என்று யார் கண்டது? சொல்லாமல் இருந்தார்கள் என்பது மட்டுமே நமக்குத் தெரியும். கடன்காரன் கேட்கவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிட்டது என்று எந்த வியாபாரியும் எழுதிக்கொள்வதில்லை. மௌனம் ரசீதாகாது.

மூன்றாவது மறுமொழி இன்னும் கூர்மையானது. "டாக்டர் பார்த்துவிட்டார், பிள்ளை நன்றாயிருக்கிறது, எல்லாம் சரியாயிருக்கிறது என்றார். பிறகு என்ன வலி?" என்பது. டாக்டர் சொன்னது பிள்ளையைப் பற்றி. இவள் சொல்வது தன்னைப் பற்றி. இரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்கலாம். இந்நோவு வெளியே வீக்கமாகவோ காயமாகவோ தெரிவதில்லை. அனுபவிப்பவளின் வாய்ச்சொல்லே முதற் சாட்சி. வாய்ச்சொல்லை நம்புவது நமக்குப் புதிதா? கையெழுத்தின்றி, முன்பின் பழக்கத்தை மட்டும் நம்பி, ஆயிரக்கணக்கான வெள்ளிக்குச் சரக்கைக் கடனாய்க் கொடுத்து வளர்ந்த வணிகம் நம்முடையது. அங்காடியில் ஊரார் சொல்லை நம்புகிறவன், வீட்டில் தன் பிள்ளைகளின் தாய் சொல்வதை மட்டும் சாட்சி கேட்டுத்தான் ஏற்பேன் என்பது முறையா?

இனி, பொறுமை என்ற பெரிய சொல்லுக்கு வருவோம். பொறுமை உயர்ந்த குணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது துன்பத்தை அனுபவிக்கிறவனுக்குரிய குணம். அருகே நின்று பார்க்கிறவனுக்குரிய குணம் வேறு. அவனுக்குக் கடமை உதவி. என் வீடு தீப்பிடித்தால் நான் பொறுமையாய் இருப்பது எனக்குச் சிறப்பு. பக்கத்து வீட்டுக்காரன் தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருந்தால் அது அவனுக்கு இழிவு. மனைவியின் பொறுமையைப் பலர் அறியப் பாராட்டும் கணவன், அப்பாராட்டு தான் கொடுக்க வேண்டிய உதவிக்கு ஈடாகக் கொடுத்த செல்லாக்காசா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் மார்க்கத்தின் போக்கையும் பாருங்கள். தொழுகையைவிடப் பெரிய கடமை எது? அந்தத் தொழுகையிலேயே, நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்காரவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். தனக்கோ பிள்ளைக்கோ கேடு வருமென அஞ்சும் கர்ப்பிணி ரமலான் நோன்பையே விட்டுப் பின்னர் நோற்கலாம். இறைவனுக்கு முன் நிற்பதற்கே சலுகை பெற்றவள், இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று வகை ஆணம் காய்ச்ச அடுப்பின் முன் ஒரு மணி நேரம் நின்றே தீர வேண்டும் என்று சொல்ல நாம் யார்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டார் வேலையில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதும் நாம் அறியாததன்று. வெள்ளிக்கிழமை கேட்கிறோம், சனிக்கிழமை மறந்துவிடுகிறோம்.

"எல்லாம் சரி, கடையை யார் பார்ப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கும் கடையும், வாடகையும், சம்பளமும் ஒருவனை எப்படிக் கட்டிப்போடுகின்றன என்பதை நாம் அறிவோம். கடையை மூடிவிட்டு வீட்டில் உட்காருங்கள் என்று சொல்ல வரவில்லை. அவளை அதிகம் வருத்தும் வேலைகள் எவை என்று கேட்டறிந்து, அவற்றை மட்டும் அவள் தலையிலிருந்து இறக்குங்கள் என்கிறோம். பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்குவது, ஈரத்துணி சுமப்பது, கடைவண்டியைத் தள்ளிச் சாமான் வாங்குவது, தரையைத் தேய்ப்பது ஆகிய இவைதாம் மூட்டுகளை வருத்தி வலிக்கச் செய்பவை. கடைக்குப் புறப்படுமுன் அரை மணி, வந்தபின் அரை மணி ஒதுக்கினால் இவற்றில் பாதி முடிந்துவிடும். மீதிக்குக் கூலிக்கு ஆள் வைக்கலாம். மாமியிடமோ ராத்தாவிடமோ வாய்விட்டுக் கேட்கலாம். அதுவும் இல்லையா? வீடு சில மாதம் சற்று ஒழுங்கற்றுக் கிடக்கட்டும். அதைக் குறை சொல்லாதிருப்பதும் ஓர் உதவியே.

சட்டங்களும் இப்போது தகப்பன்மாரை நினைக்கத் தொடங்கியிருக்கின்றன. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் தகுதியுள்ள தகப்பன்மாருக்கு அரசாங்கச் செலவில் 4 வார விடுப்பு உண்டு. சொந்தத் தொழில் செய்வோரும் நிபந்தனைகளுக்குட்பட்டு அதைப் பெறலாம். மலேசியாவில் 2023 முதல் வேலைச் சட்டம் 7 நாள் விடுப்பு கொடுத்திருக்கிறது. நல்லதே. ஆயினும் இவையெல்லாம் பிள்ளை பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுபவை. அதற்கு முந்திய மாதங்களுக்குச் சட்டம் இல்லை, மனச்சாட்சிதான் உண்டு. முதலாளிமார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை: உங்களிடம் வேலை செய்பவனும் ஒரு கணவனே. அவன் மனைவி இங்கேயிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாக அனுப்பிவிடுங்கள். ஊரில் இருந்தால் அவளோடு நிதானமாய்ப் பேசுவதற்காவது நேரம் கொடுங்கள்.

பெண்மணிகளுக்கும் ஒரு கடமை உண்டு என்பதை மறைக்கலாகாது. நோவை ஒளிப்பது பொறுமையன்று. கேளாத குற்றத்தைப் பிறர்மேல் சுமத்தி உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பதைவிட, "இன்ன வேலை என்னால் ஆகவில்லை" என்று தெளிவாய்ச் சொல்வதே நல்லது. மருத்துவச்சியிடமும் டாக்டரிடமும் சொல்லி, உடற்பயிற்சி வழியாகச் சிகிச்சை செய்யும் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். சிலருக்கு இடுப்புக் கச்சை உதவும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுங்கள். புரளும்போதும், காரில் ஏறி இறங்கும்போதும் முழங்கால்களைச் சேர்த்தே வைத்திருங்கள். உட்கார்ந்தே உடுத்துங்கள்; உட்கார்ந்தே காய்கறி நறுக்குங்கள். படியேறும்போது நோவு குறைந்த காலையும், இறங்கும்போது நோவுள்ள காலையும் முதலில் வையுங்கள். பிள்ளையைத் தூக்குவதற்குப் பதிலாக, நீங்கள் உட்கார்ந்து அவனை மடிக்கு வரச்செய்யுங்கள். வலி மாத்திரை எதுவாயினும் டாக்டரைக் கேட்டே சாப்பிடுங்கள். உதிரம் கண்டாலும், காய்ச்சலோ நீர்க்கடுப்போ வந்தாலும், வயிறு விட்டுவிட்டு இறுகினாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும், கால் மரத்தாலும், சிறுநீர் அடங்காமற் போனாலும் அது இந்த நோவு என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எவ்வளவு உதவி செய்தாலும் அவள் வலியில் ஒரு பங்கை எடுத்து நம் உடம்பில் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் உண்மைதான். கூட்டு வியாபாரத்தில் ஒருவன் முதல் போடுவான், மற்றவன் உழைப்பைப் போடுவான். இலாபம் இருவருக்கும் சேரும். பிள்ளைப்பேறு என்னும் இந்தக் கூட்டில் அவள் தன் உடம்பையே முதலாகப் போட்டிருக்கிறாள். பிறக்கப்போகும் பிள்ளையோ இருவர் பெயரையும் சொல்லி வளரப்போகிறது. அப்படியிருக்க, நம் பங்குக்கு நாம் என்ன போட்டோம் என்று பிறர் கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்வது வியாபாரிகளாகிய நமக்கு அழகு. பொறுமை அவளுக்குரியது, அவள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறாள். பொறுக்க வேண்டிய அளவைக் குறைப்பது நமக்குரியது. அதை இன்றிரவு கடை அடைத்து வீடு திரும்பியதும் தொடங்கலாம்.