பழகிப் போகும்

ஆறுதல் சொற்களில் 'பழகிப் போகும்' என்பதைப் போல மலிவானது வேறில்லை. புதுச் செருப்பு கடித்தாலும் அதைத்தான் சொல்கிறோம். புகுந்த வீடு கடித்தாலும் அதைத்தான் சொல்கிறோம். அது எப்போது மெய், எப்போது பொய் என்று யாரும் கேட்பதில்லை.

காரைக்கால் கோவில்பத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர் நாற்பத்தைந்தாம் வயதில் ரோடு பைக் என்கிற பந்தயச் சைக்கிள் வாங்கினார். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆசனம். அதுவரை அவர் ஓட்டியது தகப்பனார் காலத்துக் கறுப்புச் சைக்கிள். அதில் அவர் நிமிர்ந்து போவது தாசில்தார் தணிக்கைக்குப் போவதுபோல் இருக்கும். புதியதிலோ குனிந்துதான் ஆகவேண்டும். திருநள்ளாறு வரை ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்குள் கழுத்தும் உள்ளங்கையும், வெளியே சொல்லக் கூச்சப்படும் இடமும் வலித்தன. "தலையாலேயே கைலாயம் போன அம்மையார் ஊர்க்காரருக்கு முதுகை வளைக்க முடியாதா?" என்று கேலி செய்தேன்.

குனிவதில் நியாயம் இருக்கிறது. மேடு பள்ளமில்லாத நம் பக்கத்துச் சாலையில் வேகமாகப் போகிறவனுடைய பலத்தில் பெரும் பங்கு காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. மாலையில் கடற்காற்றை எதிர்த்துக் கிழக்கே திரும்புகிறவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். வளைந்த முதுகுக்குக் கூலி உண்டு. மூன்று வாரத்தில் ஆசன வலி போயிற்று, கழுத்தும் இணங்கிற்று.

ஆனால் முழங்காலின் முன்புறம் வலித்தது, சுண்டுவிரல் மரத்தது. இவை நாளுக்கு நாள் ஏறின. விஷயம் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்த இரண்டு பேர் 'பழகிப் போகும்' என்றார்கள். மூன்றாவதாக வந்தவன் ஒரு பையன். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைக்கச் சொல்லி, கால் முழுக்க நீளுகிறதா என்று பார்த்தான். நீளவில்லை. ஆசனத்தை ஒரு விரற்கடை உயர்த்தினான். பாரம் கைக்கு வருமே என்று கைப்பிடியை அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கினான். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு உள்ளங்கை ஓரமாக ஓடுகிறதாம், அது நசுங்குகிறது என்றான். பிறகு வலி இறங்கியது.

பிரான்ஸைச் சுற்றிவரும் பெரிய சைக்கிள் பந்தயத்தை 1903-ல் தொடங்கியவர் ஆன்ரி தெக்ரான்ஜ். (காரைக்கால் அப்போது அவர்கள் கொடியின் கீழ்தான் இருந்தது.) ஓட்டிக்கொண்டே கியர் மாற்றும் கருவி வந்த பிறகும், பெரிய வீரர்கள் அதைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார் அவர். மனிதன் தன் தசையால்தான் ஜயிக்கவேண்டும் என்பது கட்சி. மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அவர் பொறுப்பை விட்ட பிறகு, 1937-ல்தான் தடை நீங்கிற்று. அவர் சைக்கிள் அறியாதவர் அல்ல. 1893-ல் ஒரு மணி நேரத்தில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தவர். எனக்கு இதுதான் உறுத்துகிறது. பட்டறியாதவனைவிடப் பட்டவனே ஈவிரக்கமில்லாமல் 'பழகிப் போகும்' என்கிறான். மாமியார்கள் எல்லோரும் ஒரு காலத்தில் மருமகள்கள்தானே!

நண்பரின் பெண்ணுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அவள் ஃபோனில் அழுகிறபோதெல்லாம் அவர் மனைவி அந்தச் சொல்லையே சொல்லி வந்தாள். சென்ற வாரம் நண்பர் ஃபோனைத் தம் கையில் வாங்கிக்கொண்டார்.

"போன மாசத்தைவிட இப்போ குறைஞ்சிருக்காம்மா, கூடியிருக்கா?" என்று கேட்டார்.