பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்த சந்திரன்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் பார்க்காமல் திரும்பினாலும் திரும்புவார்கள். மணக்குள விநாயகரைத் தரிசிக்காமல் திரும்ப மாட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலடி வைப்பதற்கு முன்பிருந்தே அங்கே கோயில் கொண்டிருப்பவர் அவர். மணல் நிறைந்த குளத்தருகே அமர்ந்ததால் மணற்குள விநாயகர். அதுவே பேச்சுவழக்கில் மணக்குள விநாயகர் ஆனது. கோயில் வாசலில் நின்று தும்பிக்கையால் ஆசி தந்துகொண்டிருந்த லட்சுமி யானை, 2022 நவம்பர் 30-ம் தேதி மறைந்தபோது ஊரே திரண்டு வந்து கண்ணீர் விட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு அந்த யானை என்றால் உயிர். இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. ஒரு சங்கடஹர சதுர்த்தியன்று அருகம்புல் மாலையும் கையுமாக நாங்கள் கிளம்ப, 'நான் அந்தக் கோயிலுக்கு வரலை' என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கெஞ்சிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஸ்கூல் வேனில் அவனுக்கு 'லட்சுமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் ஏறும்போதே 'லட்சுமி வருது, வழி விடுங்கடா' என்று ஒருவன் குரல் கொடுக்க, வண்டி மொத்தமும் சிரிக்குமாம். டிபன் பாக்ஸைப் பிடுங்கித் திறந்து, 'எத்தனை கொழுக்கட்டை?' என்று கேட்பார்களாம். மூன்று மாதமாக மதியச் சாப்பாட்டைத் தெரு நாய்க்குப் போட்டிருக்கிறான் பிள்ளை! பெற்றவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தமிழ் படித்தவள் என்ற தைரியத்தில் நான் சமாதானம் சொன்னேன். 'சாமிக்குக்கூட லம்போதரன்னு பேர் இருக்கேடா! பெருத்த வயிறு உடையவன்னு அர்த்தம். அர்ச்சனையே அப்படித்தானே பண்றோம்?'

அவன் சொன்னான்: 'சாமி வேணாம்னு சொல்லலை அத்தை. நான் வேணாம்னு சொல்றேனே!'

என்னிடம் பதில் இல்லை. பூஜைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டோம். ஆனால், கோயிலில் நிற்கும்போது மனசு அங்கே நிலைக்கவில்லை. இன்று நாம் 'புல்லியிங்' என்கிறோமே, அந்தக் கேலியை நம் பிள்ளையாரும் பட்டவர்தானே?

விநாயகர் சதுர்த்தியன்று சந்திரனைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் திரையை இழுத்து விடுகிறோம். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், 'பழி வரும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பெரியவர்கள் சொல்லும் கதை இதுதான். தன் அழகில் கர்வம் கொண்டிருந்த சந்திரன், பிள்ளையாரின் தொந்தியையும் தும்பிக்கையையும் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான். அடிக்கவில்லை, எதையும் பறிக்கவில்லை. சிரித்தான், அவ்வளவுதான். அதற்குத்தான் அத்தனை பெரிய சாபம்! ஒளி இழந்து, யார் கண்ணிலும் படக் கூசி ஒளிந்துகொண்டான். பிறகு தவறை உணர்ந்து தவம் இருந்து மன்றாட, சாபம் அந்த ஒருநாளோடு சுருங்கியது.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சங்கடஹர சதுர்த்தியன்று பகலெல்லாம் உபவாசம் இருக்கும் நாம், எதைப் பார்த்த பிறகு விரதத்தை முடிக்கிறோம்? அதே சந்திரனைத்தான். தன்னைக் கேலி செய்தவனை, மாதம் ஒருமுறை தன் பக்தர்கள் வணங்கும்படி உயர்த்திவிட்டார் பிள்ளையார். கேலி செய்தவனுக்குத் தண்டனை உண்டு, திருந்தியவனுக்கு இடமும் உண்டு. ஆனால், 'சும்மா விளையாட்டுக்குச் சிரித்தான், விடு' என்று யாரும் அங்கே சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நாம்தான்.

பாகவதத்தில் இன்னொரு கதை. கோயில் கோயிலாக யாத்திரை போகும் நமக்காகவே சொன்னது போல இருக்கும்.

சிந்து சௌவீர தேசத்து மன்னன் ரஹூகணன், கபில முனிவரிடம் ஞான உபதேசம் பெறப் பல்லக்கில் புறப்பட்டான். இக்ஷுமதி நதிக்கரையில் பல்லக்கு தூக்க ஓர் ஆள் குறைந்தது. வழியில் கண்ணில் பட்ட திடகாத்திரமான ஒருவரைப் பிடித்து வந்து தோள் கொடுக்க வைத்தார்கள் சேவகர்கள். அவர்தான் ஜடபரதர். மகா ஞானி. பார்ப்பவர்களுக்கோ பித்துக்குளி. அழுக்குத் துணி, கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டார். சொந்த அண்ணன்மார்களே அவரை வயலில் மாடாக உழைக்கவிட்டு, கருகியதையும் உளுத்ததையும் சாப்பிடப் போட்டார்கள்.

பல்லக்கு ஆடியது. ஏன் தெரியுமா? காலடியில் எறும்பு மிதிபட்டுவிடக் கூடாதே என்று, தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைத்தார் ஜடபரதர். மற்றவர்களின் நடையோடு அது ஒத்துப்போகவில்லை. உள்ளே இருந்த மன்னன் எட்டிப் பார்த்து, 'ஐயோ பாவம், நீ ஒருத்தனே வெகுதூரம் சுமந்து களைத்துவிட்டாய் போலிருக்கிறது, உடம்பிலும் தெம்பில்லை, வயசும் ஆகிவிட்டது' என்று குத்தலாகப் பேசினான். அப்புறம், தண்டித்துவிடுவேன் என்று மிரட்டினான். ஜடபரதர் கோபப்படவில்லை. இளைத்தது யார், பருத்தது யார், சுமப்பது எது என்று நிதானமாகச் சொல்லத் தொடங்க, மன்னன் பதறிப்போய்ப் பல்லக்கிலிருந்து இறங்கிக் காலில் விழுந்தான். ஞானம் தேடிப் போகிற வழியில், ஞானியின் தோளிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறான்!

நவகிரக சுற்றுலா போகிறோம். வேன் டிரைவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் என்னென்ன பேசுகிறோம்? கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் அம்மாவிடம் எப்படிச் சில்லறை நீட்டுகிறோம்? பின் சீட்டிலிருந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புதுச்சேரியே கண்ட ஒரு ஜடபரதர் உண்டு. 1908 முதல் 1918 வரை பாரதியார் அங்கே வாழ்ந்தபோது, அவர் குருவாக ஏற்ற குள்ளச்சாமி. ஒருநாள் முதுகில் கந்தல் மூட்டையோடு வந்தவரை, இது என்ன கோலம் என்று பாரதியார் கேட்டார். நான் வெளியே சுமக்கிறேன், நீ உள்ளே சுமக்கிறாய் என்ற பொருளில் பதில் வந்ததாகப் பாரதியாரே பாடி வைத்திருக்கிறார். ஊர் வைத்த பெயர் உருவத்தை வைத்துத்தான். கவி கண்டது வேறு.

ஞானிகள் தாங்கிக்கொள்வார்கள். குழந்தைகளால் முடியாது, சகோதரிகளே. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில், 19 வயது அமன் கச்ரூ, சீனியர் மாணவர்கள் அடித்ததில் உயிரிழந்தான். 1996-ல் நம் சிதம்பரம் அண்ணாமலை நகரில் பொன் நாவரசுவைப் பறிகொடுத்த தமிழ்நாட்டுக்கு அந்த வலி புதிதல்ல. அதற்குப் பிறகுதான் 1997-ல் ராகிங் தடைச் சட்டமே இங்கே வந்தது. அமனின் தந்தை ராஜேந்திர கச்ரூ அழுதுகொண்டு வீட்டோடு முடங்கவில்லை. மற்ற பிள்ளைகளாவது பிழைக்க வேண்டும் என்று மகன் பெயரிலேயே ஓர் இயக்கம் தொடங்கினார். அதே 2009-ல் தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522 செயல்படத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு கடுமையான விதிமுறைகளையும் கொண்டுவந்தது. பிள்ளையை இழந்த ஒருவர் ஊரார் பிள்ளைகளுக்காக அலைந்ததைவிடப் பெரிய யாத்திரையை நான் கேள்விப்பட்டதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு 1098 இருக்கிறது. பூஜை அறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

பக்கத்து வீட்டுக் கதைக்கு வருகிறேன். அக்கா வகுப்பு ஆசிரியையிடம் பேசினாள். பிறகு, குரல் கொடுக்கும் அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன் செய்தாள். 'பசங்க விளையாட்டு, இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே' என்றுதான் முதலில் பதில் வந்தது. நாய்க்குப் போட்ட சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லையாம். இப்போது வேனில் அந்தப் பெயர் குறைந்திருக்கிறது. அடியோடு நின்றதாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் பிறந்ததிலிருந்து, 'வாடா என் தொப்பைக் கணபதி' என்று கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் நான்தான். அடுத்த சங்கடஹர சதுர்த்தியன்று மொட்டை மாடியில் நிலவுக்காகக் காத்திருந்தோம். அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். 'அத்தை, இனிமே நீங்களும் பேர் சொல்லியே கூப்பிடுங்க' என்றான். முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். மேகம் விலக ஒன்பதரை மணி ஆயிற்று. அன்றைக்கு நைவேத்தியக் கொழுக்கட்டையில் நாலு அவனுக்கு.