18 வருஷம் நிமிர முடியாத முதுகு



லூக்கா 13-ம் அதிகாரத்துச் சகோதரியை நினைத்துப் பாருங்கள். 18 வருஷமாகக் கூனிப்போன முதுகு. சாத்தான் அவளைக் கட்டியிருந்தான் என்று ஆண்டவர் சொன்னார். ஆனால் "நீ என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்டாரா? கேட்கவில்லை. கிட்டே கூப்பிட்டார், கை வைத்தார். நம்ம விராலிமலையில் ஒருத்தர் படுத்தால் முதலில் அதைத்தானே துருவித் துருவிக் கேட்கிறோம்!

கார்டோமா என்று ஒரு அபூர்வமான கேன்சர் கட்டி உண்டு. வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும். தாயின் கர்ப்பத்தில் முதலில் ஒரு மெல்லிய தண்டு உண்டாகி, அதைச் சுற்றித்தான் முதுகெலும்பு அமைகிறது. பிற்பாடு தண்டு மறைந்தாலும், சிலருக்கு அதன் துணுக்குகள் எலும்புக்குள் தங்கிவிடும். அதில் ஒன்று எப்போதாவது, அதிகமாக நடுவயதுக்கு மேல், கட்டியாகிறது. பீடி, குடி என்று எந்தப் பழக்கமும் இதற்குக் காரணமாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. பிறக்குமுன்னே உள்ளே இருந்த துணுக்கை யாருடைய பாவக்கணக்கில் எழுதுவீர்கள்? யோவான் 9-ல் சீஷர்கள் கேட்ட கேள்வியும் இதுதான். ஆண்டவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

இது மெதுவாக வளரும், அதுதான் ஆபத்து. வாலெலும்புப் பக்கம் வந்தால் உட்காரும்போது வலி, கால் மரத்துப்போவது, மலச்சிக்கல், சிறுநீர்த் தொல்லை. மண்டையோட்டின் அடியில் வந்தால் தலைவலி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். "டிஸ்க்குதான், தைலம் தேய்ச்சா சரியாயிடும்" என்று வருஷங்கள் ஓடிவிடும். நம்ம புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த மலக்குடல் கேன்சரையும் முதலில் சீதபேதி என்றுதான் நினைத்தார்கள். தங்கை பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தை மனதில் வைத்திருந்தவர்தான் 1954-ல் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி தெரியும். முதல் ஆபரேஷன்தான் முக்கியம். கட்டியை உடைக்காமல் முழுசாக எடுக்கப் பார்க்க வேண்டும், சிதறினால் திரும்ப வளரும். அதனால் பழகின கைகளிடமே போங்கள். மண்டையோட்டின் அடியில் நரம்புகள் நெருங்கியிருப்பதால் முழுசாக எடுப்பது கஷ்டம். மீதிக்குப் பலத்த கதிர்வீச்சு தேவை. பக்கத்து நரம்பைக் காப்பாற்றிக் கொடுக்கிற புரோட்டான் சிகிச்சை 2019-ல் சென்னை அப்பல்லோவில் வந்தது. செலவு பெரிசுதான், மறைக்கவில்லை.

"ஆசா ராஜா வைத்தியர்களைத் தேடிச் செத்தானே பாஸ்டர்?" என்பார்கள். 2 நாளாகமம் 16-ஐ நிதானமாக வாசியுங்கள். கர்த்தரைத் தேடாததுதான் அங்கே குற்றம். எசேக்கியாவின் புண்ணுக்கு அத்திப்பழ அடையைப் போடச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசி! லூக்காவே வைத்தியன்தான், அவர் பவுலோடு கூடவே இருந்தார்.

ஆகவே, மாசக்கணக்கில் விடாத முதுகுவலி உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வாருங்கள், எண்ணெய் பூசி ஜெபிப்போம். சனிக்கிழமை காலையில் திருச்சி பஸ் ஏறிவிடுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் மூப்பரிடம் சொல்லுங்கள், வாலிபத் தம்பிகள் கூட வருவார்கள்.