தேனீயும் ஒட்டுப்போர்வையும்

பழைய துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி மேற்றுணி ஒன்றை அமைத்து, அதன் கீழே பஞ்சும் அடித்துணியும் வைத்து, மூன்றையும் ஊடுருவத் தையலோட்டி ஆக்கும் போர்வையை ஆங்கிலத்தில் 'குவில்ற்' என்பர். தமிழில் அதனை ஒட்டுப்போர்வை எனலாம். வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா'வும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அச்சொல்லும் நம்முடைய 'கந்தை'யும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. அங்கே அது கலையொன்றின் பெயராயிற்று. நம் வாயில் வறுமையின் பெயராகவே நின்றுவிட்டது.

இத்தகைய போர்வை ஒன்றைத் தனக்கெனத் தைக்க முற்படும் ஒருத்தி முதலில் ஒரு கோலத்தை மனத்திற் கொள்கிறாள். பாதி தைத்தபின் அது அவளுக்கு ஒவ்வாததாகத் தோன்றுகிறது. எண்ணியிருந்த நீலத்துணி போதவில்லை. அல்லது துணி போதும், கண்ணுக்குத்தான் பிடிக்கவில்லை. இனி அவள் செய்யத்தக்கது யாது? தொடங்கியதைத் தொடங்கியவாறே முடிப்பதா? கோலத்தை மாற்றுவதா? மாற்றினால் அது மனவுறுதியின்மையா, அறிவுடைமையா?

நாட்டில் ஆயிரம் இடர்கள் இருக்கப் போர்வையின் கோலத்தைப் பற்றியா ஆராய்வது என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயினும் இவ்வினாவைச் சற்றுக் கிளறிப் பார்த்தால், உழைக்கின்றவன் எப்பொழுது மனிதனாக இருக்கிறான், எப்பொழுது வெறுங் கருவியாகிறான் என்னும் பழைய வினாவே உள்ளே கிடப்பதைக் காணலாம்.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிடும் இடம் எமது வாசகர் பலரும் அறிந்ததே. தேனீயின் கூட்டைக் கண்டு நாணவேண்டிய கலைஞர் பலர் உளர். இருந்தும், திறமையிற் கடைப்பட்ட கலைஞன்கூடத் தேனீயினும் மேலானவன், ஏனெனில் அவன் கட்டுமுன் மனத்திலே கட்டிக்கொள்கிறான் என்பது அவர் கருத்து. வகுப்பறைகளிலும் வாசிப்பு வட்டங்களிலும் இக்கருத்தைத் 'திட்டமிடலே மனிதனின் சிறப்பு' என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். அச்சுருக்கம் போதாது. ஒருவன் மனத்திலே தோன்றிய திட்டத்தை ஆயிரம் பேர் கைகளால் நிறைவேற்றும் ஆலையில், அந்த ஆயிரவர் நிலை தேனீயின் நிலையினின்றும் எவ்வளவு வேறுபட்டது? அது கிடக்க, தானே வகுத்த திட்டமாயினும், இடையிலே கண்ணும் கையும் புதிதாக ஒன்றைக் கண்டுகொண்டபோதும் அதனைத் தொடக்கூடாது என்று இருப்பவன், நேற்றைய தன் எண்ணத்துக்கு இன்று கூலியாள் ஆகிவிடுகிறான் அல்லனோ? முன்கூட்டி எண்ணுதல் தேனீக்கு இயலாது என்பது உண்மை. எண்ணியதை வேலையின் நடுவே திருத்திக்கொள்ளுதலும் அதற்கு இயலாது. நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது இரண்டாவதை.

இதனை எமக்குத் தெளிவாகக் காட்டியோர் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதிச் சிற்றூர் ஒன்றிலுள்ள கறுப்பினப் பெண்கள். அலபாமா மாநிலத்து வில்கொக்ஸ் மாவட்டத்தில், அலபாமா ஆறு மூன்று புறமும் வளைந்து சூழும் நிலப்பகுதிக்கு 'ஜீஸ் பென்ட்' என்று பெயர். ஜீ என்பவனின் வளைவு என்பது பொருள். ஜோசப் ஜீ 1816இல் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தான். 1845இல் அது மார்க் பெற்வே என்பவன் கைக்கு மாறியது. அவனிடம் அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் பெற்வே என்னும் அவன் குடிப்பெயரையே தாங்கி நிற்கின்றனர். அடிமைமுறை ஒழிந்தபின் அவர்கள் வாரக்குடிகளாயினர். 1932இல், கடன் கொடுத்துவந்த வணிகன் இறந்ததும், அவன் பக்கத்தார் கடனுக்கு ஈடாகக் கலப்பையையும் கால்நடையையும் சேமித்துவைத்த உணவையும் வாரிச்சென்றனர். பின்னர் கூட்டாட்சி அரசு அந்நிலத்தை வாங்கி, 1940களில் குறைந்த வட்டிக் கடனில் அக்குடும்பங்களுக்கே விற்றது. இச்செய்தி இன்றியமையாதது. நிலம் தமதானமையாலேயே அவ்வூரார் பலர் வேறிடம் பெயராது அங்கேயே தங்கினர்; தாயின் கைவழக்கம் மகளுக்கும் பேர்த்திக்கும் வந்துசேர்ந்தது. கலையின் தொடர்ச்சிக்குக் காணி உறுதியும் ஒரு காரணம் என்பதைக் கலை விமரிசகர் எளிதில் மறந்துவிடுவர்.

அவ்வூரில் போர்வை என்பது அலங்காரப் பொருள் அன்று. குளிர்காற்றுப் புகும் பலகை வீடுகளில், படுக்கும் குழந்தைகளின் கீழும் மேலும் இடுவதற்குப் பல போர்வைகள் வேண்டியிருந்தன. வயலில் உழைத்துக் கிழிந்த காற்சட்டை, மேற்சட்டை, மாச்சாக்கு ஆகியனவே துணி. முழங்காலில் வெளிறிய நீலம், தைத்திருந்த பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் வெளிறாத கருநீலம், இவையே வண்ணங்கள். 1942இல் மிசூரி பெற்வே என்னும் பெண், இறந்துபோன தன் கணவனின் வேலையுடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தாள். அவனை நினைத்துக்கொண்டு அதன் கீழ்ப் படுப்பதற்காகத் தாய் அதனைத் தைத்தாள் என்று அவள் மகள் பிற்காலத்தில் கூறியிருக்கிறாள். அப்போர்வைக்குரிய துணியை அவள் தெரிந்தெடுத்தாள் என்பதா, சாவு தெரிந்தெடுத்துக் கொடுத்தது என்பதா? ஆயினும் எத்துண்டை எதன் அருகே வைப்பது என்பது அவள் கையில் இருந்தது.

அவ்வூரார் பெரிதும் விரும்பும் கோலம் ஒன்றுக்குக் 'கூரை' என்னும் பொருள்படும் பெயர் உண்டு. நடுவிலே ஒரு சிறு சதுரத் துண்டு. அதன் நாற்புறமும் நான்கு பட்டைகள். அவற்றைச் சூழ மீண்டும் நான்கு. இவ்வாறு வெளிநோக்கி வளர்ந்துகொண்டே போகும். பார்வைக்கு மிக எளிது. கையில் எடுத்துத் தைப்பவளுக்கோ ஒவ்வொரு சுற்றும் ஒரு முடிவு. சிவப்புத் துணி மூன்றாம் புறத்தில் தீர்ந்துபோனால் நான்காம் புறத்துக்கு என்ன நிறம்? பட்டை குறுகினால் சதுரம் சாயும். சாய்ந்ததை அடுத்த சுற்றில் நிமிர்த்துவதா, சாயவே விட்டு அதையே கோலமாக்குவதா? எழுதிவைத்த மாதிரி எதுவும் இங்கே விடை கூறாது. பழைய கோலத்தை விட்டு விலகித் தம் எண்ணப்படி அமைக்கும் போர்வையை அப்பெண்கள் 'என் வழி' என்பர். உடைமை என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே கொண்டிருந்தவர்கள் 'என்' என்று உரிமையோடு சொல்லக் கண்டுபிடித்த இடம் இது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மேற்றுணியைப் பொருத்துவது தனியொருத்தியின் வேலை; அதில் அவள் எண்ணமே செல்லும். பின்னர் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தையலோட்டும்போது உறவினரும் அயலவரும் சட்டத்தைச் சுற்றியமர்ந்து கூடித் தைப்பர். தனிமனித விருப்பமும் கூட்டுழைப்பும் ஒன்றையொன்று பகைத்தே தீரவேண்டும் என்று நம்மிடையே வாதிடுவோர், அந்தத் தையற்சட்டத்தருகே சற்று நேரம் அமர்ந்துவிட்டு வாதிடலாம்.

ஆனால் கதை இத்துடன் நிற்கவில்லை. 1960களில் வாக்குரிமை கோரி அப்பகுதிக் கறுப்பினத்தார் எழுந்தனர். 1965 பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பென்டுக்கு வந்து பேசினார். வாக்காளராகப் பதிய முனைந்த குற்றத்துக்காக வில்கொக்ஸ் மாவட்டத்தில் பலர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்தனர். ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகருக்குச் செல்ல உதவிய படகுச் சேவை 1962இல் நிறுத்தப்பட்டது. அது மீண்டது 2006இலேதான். இந்நிலையில், 1966 மார்ச்சில், பிரான்சிஸ் வால்ற்றர் என்னும் குருவானவரின் துணையுடன் அப்பகுதிப் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். தைத்த போர்வைகளை நியூயோர்க்கில் ஏலமிட்டு வந்த பணமே அதன் முதல். சங்கத்தின் பெயர் 'பிரீடம் குவில்ற்றிங் பீ'. கூடித் தைத்தலைக் குறிக்கும் சொல்லும் தேனீயைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே வடிவின. சுதந்திரத் தேனீக்கள் என்று நாம் வேடிக்கையாகப் பெயர்த்துக்கொண்டால், மார்க்ஸின் ஒப்புமை எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கிறது.

எவ்வாறெனில், சங்கத்துக்குப் பெருங்கடைகள் கொள்வோராக வந்தன. அவை கேட்டவை ஒரே அளவும் ஒரே நிறமும் கொண்டு பட்டியலிற் கண்டபடியே அமைந்த பொருள்கள். 1972இல் சியர்ஸ் என்னும் பெருவணிக நிறுவனத்துக்குக் கோர்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. நூறாவது உறையும் முதலாவது உறைபோலவே இருத்தல் வேண்டும். அங்கே 'என் வழி' செல்லாது. கோலத்தை மாற்றினால் அது பிழைத் தையல்.

இதைக் கண்டு 'பார்த்தீர்களா, சந்தை கலையைக் கொன்றது' என்று முழங்குவது எமக்கு எளிது. அவ்வாறு முழங்க நாம் தயங்குகிறோம். அச்சங்கத்தின் வழியாகவே பல பெண்கள் முதன்முறையாகத் தம் பெயரில் சம்பளம் பெற்றனர். சங்கம் நிலம் வாங்கி, வீடிழந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு மனைநிலமும் கொடுத்தது. பசித்தவளிடம் சென்று கோலத்தை மாற்றும் சுதந்திரத்தைப் பற்றிப் போதிப்பவன் அவள் நண்பன் அல்லன். அன்றியும், கிழிந்த காற்சட்டையிலிருந்து பிறந்த அழகை வியந்து, காற்சட்டை கிழிந்திருந்ததே நன்று என்னும் எல்லைக்குப் போய்விடும் இரசிகர்களையும் நாம் அறிவோம். துணி போதாமையால் கோலம் மாறுவது வேறு, துணியிருந்தும் மனம் மாறியதால் கோலம் மாறுவது வேறு. முன்னதை வறுமை செய்கிறது. ஆனால் தீர்ந்துபோன சிவப்புக்குப் பதில் எதை வைப்பது என்று அவள் நின்று எண்ணும் கணத்தில் முன்னது பின்னதாக மாறிவிடுகிறது. அந்தக் கணத்தைத்தான் ஒப்பந்தம் விலைக்கு வாங்கிக்கொண்டது. கூலி வேலையில் முதலிற் பறிபோவது பொருளன்று, இடையில் மனம் மாறும் உரிமையே என்று எமக்குத் தோன்றுகிறது.

பறிபோனது முற்றாகப் பறிபோகவில்லை என்பதும் அவ்வூரின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஒப்பந்த வேலையில் வெட்டியெறிந்த கோர்டுராய்த் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுசென்றனர். பகலில் ஒரேமாதிரி உறைகளாகத் தைத்த அதே பொன்னிறமும் பச்சையும், வீட்டிலே தத்தம் எண்ணப்படி புதிய போர்வைகளாயின. தடித்த, எளிதில் வளையாத துணி அது. நுண்ணிய வேலைப்பாட்டுக்கு இடங்கொடாது. ஆகவே பெரிய பட்டைகளாகவும் கட்டங்களாகவும் புதுக்கோலங்கள் பிறந்தன. துணி ஒன்று, கை ஒன்று, ஊசியும் அதே ஊசி.

2002இல் ஹூஸ்ரன் நகர நுண்கலைக் காட்சிச்சாலையிலும், அதே ஆண்டு நியூயோர்க் விற்னிக் காட்சிச்சாலையிலும் ஜீஸ் பென்ட் போர்வைகள் சுவரில் ஏறின. நவீன ஓவியர்களுடன் அவற்றை ஒப்பிட்டு விமரிசகர் வியந்தனர். 2006இல் அவை அமெரிக்க அஞ்சல் முத்திரைகளிலும் இடம்பெற்றன. உரிமையும் வருவாயும் குறித்துச் சில பெண்கள் 2007இல் நீதிமன்றம் செல்லவேண்டியும் நேர்ந்தது. 2008இல் அவ்வழக்குகள் இணக்கமாக முடிந்தன. கலைச்சந்தையின் புகழ்ச்சியிலும் எமக்கு ஓர் ஐயம் உண்டு. முன்னைய சந்தை 'ஒழுங்காகத் தை' என்றது. இன்றைய சந்தை 'ஒழுங்கு தவறித் தை' என்று எதிர்பார்க்கிறது. அவ்வூர்ப் பெண்ணொருத்திக்கு அளவுகோல் வைத்து, ஒரு நூலிழையும் பிசகாத பழைய கோலமொன்றைத் தைக்க ஆசை வந்தால் வாங்குவோர் அதனை மதிப்பார்களா? பழையதை அவ்வாறே தெரிந்தெடுக்கும் உரிமையும் அவளுக்கு வேண்டும்.

எல்லா வேலையிலும் இவ்வுரிமை செல்லும் என்று நாம் கூறவில்லை. பாலம் கட்டுவோன் பாதியில் ஆசைக்காகத் தூணை நகர்த்தலாகாது. பிறருக்கென வாக்களித்த போர்வையாயின், அதன் கீழ்ப் படுக்கப்போகிறவரையும் கேட்டே மாற்றவேண்டும். மாற்றத்தின் விளைவைத் தாங்கப்போகிறவர் யாரோ அவருடைய சொல்லுக்கு அங்கே இடம் வேண்டும். தனக்கென ஒருத்தி தைக்கும் போர்வையில் இருவரும் ஒருவரே ஆதலால், கணக்கு எளிதாகிறது.

ஆனால் நாம் ஆசிரியர். பிறர் திட்டங்களை இளையோர் கையில் கொடுத்து நிறைவேற்றச் சொல்வதே எமது தொழில். சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பில், 'ஒரு பழைய குடையின் சுயசரிதை' என்று கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தோம். பிறப்பு, கடை, வாங்கியவர், மழைக்காலம், கிழிந்தமை, குப்பைமேடு என்று வழக்கம்போல் குறிப்புக்களும் கொடுத்தோம். மாணவி ஒருத்தி மழைக்காலம் வரையில் குறிப்பின்படி எழுதினாள். கிழிந்த இடத்தில் குடை பேசுவதை நிறுத்திவிட்டது. அதன்பின் இரண்டு பக்கம், விளக்கடியில் இருந்து கறுப்புத் துணி கிடைக்காமல் தன் பழைய பாவாடைத் துணியால் குடைக்கு ஒட்டுப்போடும் தாயைப் பற்றியது. குப்பைமேடு வரவேயில்லை. 'பொருளை விட்டு விலகியுள்ளது' என்று சிவப்பு மையால் எழுதி, இருபதுக்கு ஒன்பது புள்ளி இட்டோம். அடுத்த கட்டுரையை அவள் குறிப்பின்படியே தொடக்கம் முதல் ஈறு வரை எழுதினாள். பதினான்கு புள்ளி கொடுத்தோம்.

அவள் இப்பொழுது ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். சென்ற ஆண்டு பேருந்து நிலையத்தில் கண்டபோது, சட்டையின் கழுத்துப்பட்டை மட்டும் தைப்பதாகக் கூறினாள். நாளொன்றுக்கு முடிக்கவேண்டிய தொகையையும் சொன்னாள். வீட்டில் ஏதும் தைப்பதுண்டா என்று கேட்டோம். நேரம் எங்கே சேர் என்று சிரித்தாள். குடைக் கட்டுரையை அவள் மறந்திருக்கக்கூடும். கேட்க எமக்கு வாய் வரவில்லை.

இவ்வாண்டு பத்தாம் வகுப்புக்குக் குறிப்புக்கள் கொடாமலே கட்டுரை எழுதச் சொன்னோம். முதல் நாள் பாதிப்பேர் தாளை வெறுமையாகவே வைத்திருந்தனர். பின் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, குறிப்பு எப்போது தருவீர்கள் என்று கேட்டான்.