ஆப்பிரிக்கக் கெளுத்தி செய்த குற்றம்

ஆப்பிரிக்கக் கெளுத்தி, தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆறு முதல் நைல் வரை ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் நன்னீர் மீன். செவுளுக்கு மேலுள்ள துணை உறுப்பால் காற்றையே சுவாசிக்கும். ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். மீன், தவளை, அழுகல் என எதையும் விடாது. உள்நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும் என்பதால் இந்திய அரசு 2000-இல் இதன் வளர்ப்புக்குத் தடை விதித்தது. வளர்ப்பில் இருப்பவற்றையும் அழிக்கும்படி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆயினும் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கோழிக்கழிவைத் தீனியாகப் போட்டு ரகசியமாக வளர்ப்பதும், அதிகாரிகள் குட்டைகளை அழிப்பதும் தொடர்ந்தன. மழையில் குட்டை உடைந்தால் மீன் ஓடை வழியே காவிரிக்குப் போகும். கீழே மேட்டூர் அணை.

கொல்லப்படும் மீன் செய்த குற்றம் என்ன? தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்படி ஆறாகப் பிரித்து, ஆறாவது அறிவாக மனத்தை வைக்கிறது. எண்ணம் இருக்கும் இடத்தில்தான் குற்றமும் இருக்க முடியும். அவ்வகையில் ‘ஆக்கிரமிப்பு மீன்’ என்ற பெயரே கோணல். மீன் பசித்தால் தின்கிறது, பருவம் வந்தால் சினையிடுகிறது. கடல் கடந்து வர அது கேட்கவில்லை.

நொளம்ப அரசர் காலச் சமணக் கல்வெட்டு உள்ள ஊர் தருமபுரி. அந்தச் சமணம் இல்லறத்தாரின் கொலையை நான்காக வகுக்கும்: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவது அறவே விலக்கு. விராலையும் நாட்டுக் கெளிற்றையும் காக்கக் கெளுத்தியைக் கொல்வது நான்காவதுபோலத் தோன்றும். ஆனால் மனிதன் தானே அழைத்து வந்த ஆபத்தை எதிர்ப்பதற்குத் தற்காப்பு என்ற பெயர் அவ்வளவு எளிதில் ஒட்டாது.

1926-இல் அகமதாபாத்தில் ஓர் ஆலை முதலாளி அறுபது தெருநாய்களைக் கொல்ல வைத்தபோது, காந்தி அதை ஆதரித்து ‘யங் இந்தியா’வில் எழுதினார். பொறுப்பேற்காமல் சோறு மட்டும் போடுகிறவர்களையே அவர் கடிந்துகொண்டார். கெளுத்திக்கும் இது பொருந்தும். இங்கே கொலை தண்டனை ஆகாது. வளர்த்தவன் வைத்த கடனை மீன் தீர்க்கிறது.

கொல்லும் முறையும் அறத்தின் பாற்பட்டதே. காற்றைச் சுவாசிக்கும் உயிருக்குத் தண்ணீரை வடித்துவிடுவது உடனடிச் சாவு ஆகாது. குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினால், மற்ற மீன்கள் அடங்கிய பின்னும் அது நெளிந்துகொண்டிருக்கும்.