டால்க் தூளும் சயனைடு மேடும்

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால் கோலார் தங்க வயலில் சன்னலைத் திறந்து வைக்க முடியாது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊர்காம் பக்கத்து மேடுகளிலிருந்து வெள்ளையும் சாம்பலுமாகப் புழுதி கிளம்பி வீட்டுக்குள் வந்து படியும். பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடிவிட்டுப் போனது. அது விட்டுச் சென்றவை 13 மேடுகள். சுமார் 1,003 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் அரைத்த பாறை குவிந்து கிடக்கிறது. தாதுவை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய சக்கை அது. ஊர்க்காரர்கள் அதைச் சயனைடு மேடு என்கிறார்கள். மலை என்று சொல்பவர்களும் உண்டு.

2018இல் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ படம் இந்த மேட்டை நாடறியச் செய்தது. இப்படி ஓர் இடத்தைக் கண்டால் கேமராக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. இன்று கேமரா என்றால் ட்ரோனும் சேர்ந்ததுதான். பெட்டியிலிருந்து எடுத்து மணலில் வைத்து விசையைத் தட்டினால் இறக்கைக் காற்றில் முதலில் எழும்புவது ட்ரோன் அல்ல, புழுதி. கடைக்காரர் ‘ஐபி 55 ரேட்டிங் சார், தூசி, தண்ணி எதுவும் ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்லியிருப்பார். அதை நம்பலாமா?

பார்க்க இது சாமான் வாங்குகிறவரின் கேள்விதான். ஆனால் இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டையிட்டுக்கொண்ட கேள்வியும் இதுவே. தான் காணாத ஒன்றை, இன்னொருவர் சொன்னார் என்பதற்காக ஒருவர் அறிந்ததாகக் கொள்ளலாமா? அறிவுக்கு வாயிலாக நிற்பவற்றை நம் முன்னோர் அளவைகள் என்றார்கள். சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாச்சாரியார் அவற்றைக் காட்சி, கருதல், உரை என மூன்றுக்குள் அடக்கினார். உரை என்பது நம்பத்தக்கவரின் சொல். அவரைப் பொறுத்தவரை அதன் உச்சம் ஆகமம். பௌத்தர்கள் அந்த மூன்றாவதைத் தனி அளவையாக ஏற்கவில்லை. திக்நாகரின் வழியில் காட்சி, கருதல் இரண்டே போதும் என்றார்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுப்பதும் இந்த இரண்டளவைத் தருக்கம்தான்.

இந்த வழக்கைக் கோலார் தங்க வயலுக்குக் கொண்டுவருவது வலிந்து செய்கிற காரியம் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான கிளைகள் இருந்தன. வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தமிழ்த் தலித் குடும்பங்கள் பகலில் பாறை வெட்டி, மாலையில் தம்மம் பேசின. பண்டிதர் 1914இல் மறைந்தார். அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் 1926இலிருந்து இதே ஊரில் ஜி. அப்பாதுரையாரின் கையில் மறுபடி உயிர்பெற்றது. சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. யாரோ சொன்னார், ஏட்டில் இருக்கிறது, வழிவழியாக வருகிறது என்பதற்காக எதையும் ஏற்காதீர்கள் என்று கேசபுத்தத்தில் காலாமர்களுக்குப் புத்தர் சொன்ன அறிவுரையை, சாதிக்குச் சாத்திரம் காட்டியவர்களுக்கு எதிராக ஏந்தி நின்ற மரபு அது. அந்த மரபில் வந்த ஒருவர் ட்ரோன் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்தால் முதலில் என்ன கேட்பார்? இது யார் கண்ட காட்சி, எதிலிருந்து எதைக் கருதியது என்றுதான் கேட்பார்.

காட்சியில் தொடங்கலாம். ஐபி என்பது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1976இல் முதன்முதலாக வெளியிட்ட 60529 எண்ணுள்ள தரநிலையிலிருந்து வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. முதல் இலக்கம் திடப்பொருளுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசி என்ற பேச்சு முதல் இலக்கம் 5இல்தான் தொடங்குகிறது. 4 என்றால் ஒரு மில்லிமீட்டர் கம்பி உள்ளே நுழையாது, அவ்வளவுதான். 5 என்றால் தூசி புகலாம், ஆனால் இயக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் புகக் கூடாது. 6 என்றால் புகவே கூடாது. தண்ணீர்ப் பக்கத்தில் 3 என்பது சாய்வாக விழும் தூறலையும், 4 எல்லாப் பக்கத்துச் சிதறலையும் குறிக்கும். 5 என்பது 6.3 மில்லிமீட்டர் குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் தாரை. 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம்.

இந்த இலக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு சந்தையைப் பார்த்தால் சில ஆச்சரியங்கள் காத்திருக்கின்றன. டிஜேஐயின் மேட்ரிஸ் 300 பல லட்சம் ரூபாய் விலையுள்ள தொழில்முறை ட்ரோன். அதன் மதிப்பீடு ஐபி 45. ஆட்டெல் ஈவோ மேக்ஸ் 4டி ஐபி 43. இரண்டிலும் முதல் இலக்கம் 4. தூசியைப் பற்றி அந்த எண்கள் ஒன்றுமே சொல்லவில்லை. மேட்ரிஸ் 30, மேட்ரிஸ் 350, ஸ்கைடியோ எக்ஸ்10 ஆகியவை ஐபி 55. இவற்றிலும் தூசி ஓரளவு உள்ளே போகலாம் என்பதுதான் பொருள். கடலில் மிதக்கவே செய்யப்பட்ட ஸ்வெல்புரோ ஸ்பிளாஷ்ட்ரோன் 4 ஐபி 67. கல்யாண வீடியோக்காரர்கள் பெரும்பாலும் நாடுகிற டிஜேஐயின் மினி, ஏர், மேவிக் 3 வரிசைகளுக்கோ எந்த மதிப்பீடும் கிடையாது. மழையிலும் மூடுபனியிலும் பறக்கவிடாதீர்கள் என்று அவற்றின் கையேடுகளே சொல்லிவிடுகின்றன.

தூசிச் சோதனை நடக்கும் விதம்தான் இந்த ஊருக்கு முக்கியமானது. ஒரு மூடிய அறை. அதன் ஒவ்வொரு கனமீட்டருக்கும் இரண்டு கிலோ வீதம் தூளைக் கலக்கிவிடுகிறார்கள். மிக நுண்ணிய சல்லடையில் சலித்த அந்தத் தூள் டால்க். முகப் பவுடருக்கு மூலப்பொருளாக இருக்கும் அதே கனிமம். பொருளின் உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சியபடி சில மணி நேரம் விடுகிறார்கள். எட்டு மணி நேரம்வரைகூட நீளும். பிறகு திறந்து பார்க்கிறார்கள். சோதிக்கப்படும் மாதிரி புதியதாகவும் சுத்தமாகவும், எல்லாப் பாகங்களும் பொருத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது தரநிலையின் விதி. தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். அரிப்பு, இயந்திர மோதல், வெயில், உள்ளே வேர்க்கும் ஈரம் ஆகியவை இந்தக் குறியீட்டின் எல்லைக்கு வெளியே என்று தரநிலையே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. ஜெர்மனியிலும் பெங்களூரிலும் ஒரே சோதனையை ஒரே முடிவு வரும்படி செய்ய வேண்டுமென்றால் ஒரே தூள் வேண்டும். அதற்கு டால்க் வசதியானது.

ஆகக் காட்சி என்று இருப்பது இவ்வளவே: ஒரு புது மாதிரி, ஒரு நாள், ஓர் அறை, டால்க் தூள். அங்கிருந்து ‘என் ட்ரோன் சயனைடு மேட்டில் தாங்கும்’ என்பதற்குத் தாவுவது கருதல்.

மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல என்று தருக்கம் படிக்கும் எல்லோருக்கும் ஒரு பாடம் உண்டு. அனுமானம் நிற்க வேண்டுமானால் எடுத்துக்காட்டு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அது திட்டாந்தப் போலி; மணிமேகலை பக்கப் போலி, ஏதுப் போலியோடு இதையும் வரிசைப்படுத்துகிறது. இந்த ஊர் மேட்டில் எடுத்துக்காட்டு எங்கே பிசகுகிறது? கோலாரின் தங்கம் குவார்ட்ஸ் பாறையில் ஓடியது. அரைத்த சக்கையிலும் குவார்ட்ஸ் தூள் நிறைந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் டால்க் 1, குவார்ட்ஸ் 7. எஃகையே கீறக்கூடியது குவார்ட்ஸ். தூசி உள்ளே புகுமா என்ற கேள்விக்கு டால்க் சோதனை ஓரளவு நியாயமான விடை தரும். நுண்துகள் எதுவானாலும் இடுக்கு ஒன்றுதானே. புகுந்தது என்ன செய்யும், வெளியே நின்றபடியே எதைத் தேய்க்கும் என்ற கேள்விகளுக்கு அது விடையே தராது. ட்ரோனின் மோட்டார்கள் காற்றோட்டத்தால் குளிர வேண்டியவை. பெரும்பாலும் திறந்தே இருக்கும். பேரிங்கில் குவார்ட்ஸ் ஏறினால் முதலில் சத்தம் மாறும், பிறகு சூடேறும். லென்சின் மேல் படிந்த புழுதியைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். இவை எதுவும் அந்த எண்ணுக்குள் வருவதில்லை.

இதே தூள் மனித நுரையீரலுக்குள் போனபோது என்ன ஆனது என்பதை இந்த ஊர் அறியும். நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதலில் பதிவானது கோலார் தங்கச் சுரங்கங்களில்தான். 1940களில் செய்த பரிசோதனையில் 43.7 விழுக்காட்டுத் தொழிலாளர்களிடம் அது இருந்தது. 

மீண்டும் உரைக்கு வரலாம். பௌத்தர்கள் பிறர் சொல்லை முற்றாகத் தள்ளிவிட்டார்கள் என்று எண்ணுவது தவறு. சொன்னவர் பொய்க்காதவர் என்பதிலிருந்து சொன்னது மெய்யாக இருக்கும் என்று கருதுகிறோம், ஆகவே அதுவும் கருதலின் ஒரு வகை என்பது திக்நாகரின் நிலை. நியாய மரபினர் எதிர்க்கட்சி. அவர்களுக்கு ஆப்தரின், அதாவது நம்பத்தக்கவரின், சொல் தனி அளவை. ஆனால் ஆப்தர் யார் என்பதில் வாத்ஸ்யாயனர் கறாரானவர்: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் முனிவரும் ஆகலாம், மிலேச்சரும் ஆகலாம் என்று அவர் எழுதியது எந்தக் காலத்துக்கும் துணிச்சலான வாக்கியம். ட்ரோன் கம்பெனிக்கு முதல் தகுதி இருக்கிறது. தன் பொருளை அது சோதித்திருக்கிறது. இரண்டாவது தகுதியில்தான் சிக்கல். விளம்பரப் படத்தில் ட்ரோன் கொட்டும் மழையில் பறக்கும். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் வேறு செய்தி இருக்கும். ஐபி 55 பெற்ற டிஜேஐ ட்ரோன்களுக்கு அந்தக் கம்பெனியே எழுதியிருப்பது: இந்தப் பாதுகாப்பு நிரந்தரமல்ல, நாள்பட்ட உபயோகத்தில் தேய்ந்து குறையலாம். விளிம்பில் ஒட்டிய ரப்பர் கேஸ்கட்டும் அநித்தியம் என்பதற்கு இதைவிட நேரான ஒப்புதல் வேண்டியதில்லை. நேர்மையான பேச்சு பெரிய எழுத்தில் இல்லை, பொடி எழுத்தில் இருக்கிறது.

இந்தியாவில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழுமையாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பிறகு குறுக்கு வழியில் வந்த பொருளை வாங்கியவர் கையில் சொல் இருக்கிறது, அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்க ஆளில்லை. ஆப்தரே இல்லாத ஆப்த வாக்கு.

சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, மதிப்பீடே வேண்டாம், எல்லாம் கம்பெனிக் கதை என்று கையை உதறுவார்கள். அதுவும் சரியல்ல. எண் சொல்வதை மட்டும் சொன்னபடி படிக்க வேண்டும். ஐபிஎக்ஸ்5 என்று எழுதியிருந்தால் அந்த எக்ஸ் பூச்சியம் அல்ல. தூசிக்கு மதிப்பீடு குறிப்பிடப்படவில்லை என்பதே அதன் பொருள். இல்லாமையை அறிவதும் ஓர் அறிவா என்று மீமாம்சகர்களும் பௌத்தர்களும் பக்கம் பக்கமாக வாதிட்டார்கள். இங்கே அவ்வளவு தூரம் போக வேண்டாம். சொல்லாததை ‘தாங்கும்’ என்றும் படிக்கக் கூடாது, ‘தாங்காது’ என்றும் படிக்கக் கூடாது. அதேபோல ஐபி 67 என்றால் 65உம் அதற்குள் அடங்கிவிட்டது என்று எண்ணக் கூடாது. முங்கலைத் தாங்குவது தாரையைத் தாங்கும் என்று தரநிலை உறுதி தரவில்லை. இரண்டையும் தாங்குமானால் இரண்டு குறியீடுகளையும் போட வேண்டும்.

இந்த வழக்கில் பௌத்தர் பக்கமே நியாயம் அதிகம். எண் ஒரு சான்றுதான். ஆனால் அது பிறர் கண்ட காட்சியிலிருந்து நாம் செய்யும் கருதல், கருதலுக்கு உரிய ஐயத்தோடுதான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த 13 மேடுகளிலும் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மேடுகளைக் கிளறத் தொடங்கினால் புழுதி இன்னும் கூடும், அளப்பதற்கும் படம் பிடிப்பதற்கும் ட்ரோன்கள் இன்னும் வரும். வாங்கப் போகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்: இந்த எண் முழு ட்ரோனுக்கா, சில பாகங்களுக்கு மட்டுமா? முதல் இலக்கம் 5க்குக் குறைவா? தூசியோ தண்ணீரோ புகுந்து கெட்டால் வாரண்டி உண்டா? மேட்டில் பறக்கவிடுகிறவர்கள் மணலிலிருந்து கிளப்பாமல் விரிப்போ பலகையோ போட்டுக் கிளப்புங்கள், இறக்கி அணைத்த பிறகு கையால் மோட்டாரைச் சுற்றிக் கரகரப்பு இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் மூக்குக்கும் ஒரு நல்ல முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள்.