போதையும் மீட்சியும் – ஒரு சைவ நோக்கு

கொலை, களவு, கள், காமம், பொய் என்னும் ஐந்தையும் பஞ்சமா பாதகங்கள் என எமது முன்னோர் வகுத்தனர். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை எனத் தனியதிகாரம் செய்தார். திருமூலரும் திருமந்திரத்தின் முதலாந் தந்திரத்தில் அதே பொருளைப் பாடினார். ஆகவே போதை தீது என்பதில் சைவர்களிடையே இரண்டு கருத்து இல்லை. ஆனால் போதையில் அகப்பட்டுவிட்ட ஒருவனைக் குற்றவாளி என்பதா, நோயாளி என்பதா? அவன் மீள்வது யாருடைய பொறுப்பு? இவ்வினாக்கள் இன்று பல வீடுகளில் கண்ணீரோடு கேட்கப்படுகின்றன. முன்பு கள்ளும் சாராயமும் கசிப்புமே பேச்சாயிருந்தன. இன்று ஹெரோயினும் ஐஸும் இளம் பிள்ளைகளின் கைக்கும் எட்டிவிட்டன.

முதல் முறை குடிப்பவன் பெரும்பாலும் தன் விருப்பத்தாலேயே குடிக்கிறான். நாளடைவில் அதே அளவு போதாமற் போகிறது, கூட்டுகிறான். பின்னர் குடியாவிட்டால் கை நடுங்குகிறது, உறக்கம் கெடுகிறது, உடல் வியர்க்கிறது. மகிழ்ச்சிக்காகத் தொடங்கியவன் இப்போது வேதனை தீர்வதற்காகக் குடிக்கிறான். நல்லுணவும் நற்செய்தியும் தரும் இன்பத்தை மூளை உணரும் வழியையே போதைப்பொருள் பிடித்துக்கொள்கிறது என வைத்திய அறிவு கூறுகின்றது. அதனால் மனைவி மக்களின் அழுகை அவன் காதில் விழுந்தாலும் மனதை அசைப்பதில்லை. அவன் கல்நெஞ்சன் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று.

சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஆன்மா தனித்து நிற்பதில்லை. எதைச் சார்கின்றதோ அதன் தன்மையைப் பெறும். அருகில் வைத்த பூவின் நிறத்தைப் பளிங்கு காட்டுவது போல என்பார்கள். வாசனாமலம் என்றும் ஒன்று சொல்லப்படும். பெருங்காயம் வைத்திருந்த பாத்திரத்தை எத்தனை முறை கழுவினாலும் மணம் எளிதிற் போவதில்லை. போதையை விட்டவன் ஒரு வருடம் கழித்தும் தவறணை வாசலைக் கடக்கும்போது மனம் இழுபடுவது இதனாலேதான்.

நாமெல்லோரும் அறிந்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் மண்டல விரதம் இருப்பவர்களுள் நாளாந்தம் குடித்தவர்களும் உண்டு. அந்த நாட்களில் அவர்கள் தொடுவதே இல்லை. மாலை கழற்றியதும் சிலர் மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். “மனம் வைத்தால் முடியும், இவனுக்கு மனமில்லை” என்று ஊர் சொல்கிறது. ஆனால் அந்த 41 நாளும் அவனிடம் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். எல்லோரும் அவனைச் ‘சாமி’ என்று மதித்து அழைத்தனர். மாலையில் பஜனைக்குப் போனான். கூட நாலுபேர் இருந்தனர். வேளைக்கு உணவு, அதிகாலைக் குளிப்பு, நாளுக்கு ஓர் ஒழுங்கு. மாலையைக் கழற்றிய அன்று இவை யாவும் சேர்ந்தே கழன்றுவிடுகின்றன. மறுநாள் அவன் பழைய பெயருக்கும் பழைய கூட்டாளிகளுக்கும் திரும்புகிறான். சார்பு மாறியது; வண்ணமும் மாறியது.

பிற நாட்டிலும் இவ்வுண்மை கண்டறியப்பட்டுள்ளது. வியட்நாம் போரிலிருந்து 1971 இல் நாடு திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களை லீ ரொபின்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐந்திலொருவர் அங்கே ஹெரோயின் முதலிய போதைக்கு அடிமைப்பட்டிருந்ததாகக் கூறினர். அவர்களுள் நாடு திரும்பிய முதலாண்டில் மறுபடியும் அடிமைப்பட்டோர் 5 சதவீதமளவினரே. போர்க்களத்தை விட்டு வீட்டுக்கும் உறவுக்கும் தொழிலுக்கும் வந்தது அதற்கு ஒரு பெருங்காரணமாகக் கொள்ளப்பட்டது.

மீள விரும்புவோர் அறிய வேண்டியவை சில உண்டு. பல காலம் நாளாந்தம் அதிகம் குடித்தவர் வீட்டிலே திடீரென நிறுத்தலாகாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். முதலில் அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரைக் காண வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்திலும், தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

அடுத்து, ஆசை கடலலை போன்றது. எழும்பும், உச்சம் கொள்ளும், பெரும்பாலும் அரைமணி நேரத்துள் தணியும். அந்த அரைமணியை இடம் மாறியோ, தண்ணீர் குடித்தோ, நம்பிக்கையான ஒருவரோடு பேசியோ, ஐந்தெழுத்தை ஓதியோ கடந்துவிட வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் ஆசையைக் கிளப்புவன. சம்பள நாள் இன்னொன்று. நான் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், சம்பள நாளன்று மனைவி வாசலில் வந்து நின்றதால் பணத்தோடு வீடு சேர்ந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒருநாள் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ணலாகாது. விழுந்த இடத்திலிருந்து எழும்பி நடப்பதே வழி. வீட்டார் வெறியில் இருப்பவனோடு வாதாடாமல், காலையில் தெளிந்த வேளையில் பேசுவது நன்று. அவன் குடிக்கடனை இரகசியமாக அடைப்பது உதவியாகாது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். ஆசை எழுவது அவன் கையில் இல்லை. எழுந்த ஆசைக்கும் நீளும் கைக்கும் இடையிலுள்ள சிறுபொழுது அவன் கையில் உண்டு. ஆகவே அவனுக்குப் பொறுப்பு இல்லையென்று சொல்ல முடியாது. அந்தச் சிறுபொழுதை நீட்டிக் கொடுப்பது எங்கள் கையில் உண்டு. ஆகவே எங்களுக்கும் பொறுப்பு உண்டு. நோயாளி என்று சொல்லி அவன் கடமையை நீக்குவதும், பாவி என்று சொல்லி எங்கள் கடமையை நீக்குவதும் இரண்டும் பிழையே.

கலியாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் போத்தல் வைப்பவர்கள் யார்? செத்த வீட்டில் வேலை செய்பவனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுப்பவர்கள் யார்? கூரை போட்ட அன்று கூலிக்கு மேலே ‘சந்தோசம்’ என்று கொடுப்பது என்ன? இவற்றை நிறுத்த எந்தச் சட்டமும் தேவையில்லை.

ஆலயத்துக்கும் ஒரு கடமை உண்டு. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்விக்கும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது சிலருக்கு உறுதி தரும். ஆனால் சத்தியம் தவறிய அன்று அவன் தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிக் கோயில் வாசலையே மிதிக்காமல் விட்டுவிடுகிறான். மீள்வதற்கு எது தேவையோ அதையே இழந்துவிடுகிறான். சிவஞானபோதத்தின் 12ஆம் சூத்திரம் அடியார் கூட்டத்தைச் சார்வதையும் ஆலயத்தைத் தொழுவதையும் வழியாகக் காட்டுகின்றது. மலவாசனை ஏற்கெனவே நீங்கியவர் மட்டும் வாருங்கள் என்று அது சொல்லவில்லை. சத்தியம் தவறியவனுக்கே கோயில் அதிகம் தேவை.

ஆகவே இவ்வாண்டு முதல், போதையை விட முயலும் ஒருவர் எங்கள் வீதிக்கு வந்தால், பழங்கதை பேசாமல் அவரிடம் ஒரு வேலையைக் கொடுப்போம். தண்ணீர்ப் பந்தலோ, மடப்பள்ளியோ, பூந்தோட்டமோ, எதுவாயினும் சரி. நாள்தோறும் மாலைப் பூசைக்கு அவரை எதிர்பார்ப்போம். வராவிட்டால் ஒருவர் போய்த் தேடுவோம். 41 நாளுக்கு மட்டும் நாம் கொடுக்கும் மரியாதையை 42ஆம் நாளும் கொடுப்போம். அதற்கு எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.